நாய்க்கடியின் விலையை யார் கொடுப்பது?

அம்பத்தூரில் எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் அம்மையார் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன்பு வளர்ப்பு நாய் ஒன்று கடித்துவிட்டது. வெளிக்கதவு திறந்திருந்த நேரத்தில் ஓடிவந்த நாய் அவருடைய கெண்டைக்காலைப் பற்றிவிட்டது. "ஊசி போட்ட நாய்தான், பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு உரிமையாளர் கதவைச் சாத்திக்கொண்டார். தடுப்பூசிச் சான்றை நான் கேட்டபோது அது எங்கிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசமாகவே போடப்பட்டது. ஆனால், நான்கு முறை சென்று வந்ததில் நான்கு நாள் வேலை போயிற்று. ஒரு வீட்டில் அவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்திக்கொண்டார்கள்.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது வகுப்பறையில் பலமுறை விளக்கிய பாடம். ஒருவர் தம் விருப்பத்துக்காகச் செய்யும் செயலின் சுமை, அதில் தொடர்பே இல்லாத வேறொருவர் மீது விழுவதைப் 'புறவிளைவு' என்போம். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதும் அவிழ்த்துவிடப்பட்ட நாய் வழிப்போக்கரைக் கடிப்பதும் இந்த வகையில் ஒன்றே. சுமையை உண்டாக்கியவரே அதைச் சுமக்கும்படி செய்வதுதான் சட்டத்தின் வேலை. நம் ஊரில் அது எந்த அளவுக்கு நடக்கிறது?

முதலில் பிரச்னையின் அளவு. 2024-இல் தமிழகத்தில் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு உள்ளாயினர். 43 பேர் ரேபிஸ் நோயால் இறந்தனர். அதே ஆண்டில் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகளும், ரேபிஸ் எனச் சந்தேகிக்கப்படும் 54 மரணங்களும் பதிவானதாக மத்திய அரசு தெரிவித்தது. ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய கள ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறது. பதிவேட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள இந்த இடைவெளி, பெரும்பாலான மரணங்கள் கணக்கிலேயே வருவதில்லை என்பதைக் காட்டுகிறது. எண்ணப்படாத துயரத்துக்கு நிதி ஒதுக்கப்படுவதுமில்லை.

இந்நோய் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய உறுதியாக உயிரைப் பறிக்கும். அதற்கு முன் ஏறக்குறைய உறுதியாகத் தடுக்கக்கூடியது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. அன்றே முதல் ஊசி. பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் தோலுக்குள் போடும் ஊசி. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய அச்சத்தில் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவோர் இன்றும் உண்டு. அந்த மருந்து கைவிடப்பட்டு இருபது ஆண்டுகளாகின்றன.

அடுத்து, உள்ளாட்சியின் பொறுப்பு. மேற்குப் புறநகர் மூன்று நிர்வாகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் கடமை. ஆனால் அம்பத்தூரின் நாய்க்குத் திருமுல்லைவாயிலில் ஆவடியின் எல்லை தொடங்குவது தெரியாது. ஒரு பக்கம் கருத்தடை நடந்து, மறுபக்கம் நடக்காவிட்டால் செலவிட்ட பணம் வீணாகும்.

சென்னை மாநகராட்சி 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தெரு நாய்கள் ஏறத்தாழ 1.8 லட்சம், மண்டலங்களிலேயே அதிகமாக அம்பத்தூரில் சுமார் 24 ஆயிரம். கருத்தடை செய்யப்பட்டவை 27 விழுக்காடு அளவிலேயே இருந்தன. பத்து நாய்களில் மூன்றுக்கு மட்டும் கருத்தடை செய்தால், எஞ்சிய ஏழும் ஈனும் குட்டிகள் ஓரிரு ஆண்டுகளில் கணக்கைச் சரிசெய்துவிடும். ரேபிஸ் தடுப்பூசியிலும் அப்படித்தான். 70 விழுக்காடு நாய்களுக்குப் போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக் கிணறு தாண்டுவதால் பயனில்லை.

'எல்லா நாய்களையும் பிடித்து அழித்துவிட்டால் என்ன?' என்று கேட்போர் உண்டு. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தது. நாய்கள் குறையவில்லை, 1996-இல் கருத்தடைக்கு மாறியது. உச்சநீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-இல், ரேபிஸ் தாக்கிய அல்லது மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. உணவிடத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறும், அவற்றை மீண்டும் அங்கே விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. அகற்றிய நாய்களை வைக்கக் காப்பகம் வேண்டும். மூன்று உள்ளாட்சிகளும் தனித்தனியே திணறுவதைவிட, செலவைப் பகிர்ந்து பொதுவான சிகிச்சை மையமும் காப்பகமும் அமைப்பது சிக்கனமானது.

மூன்றாவது, வளர்ப்பவரின் பொறுப்பு. தெரு நாயைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளைக் கடித்துக் குதறியவை இரண்டு ராட்வீலர் வளர்ப்பு நாய்கள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் 55 வயதுக்காரர் ஒருவரின் உயிரைப் பறித்தது ஒரு பிட்புல் வளர்ப்பு நாய். விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. 'நாய்கள் ஜாக்கிரதை' என்று வாசலில் பலகை மாட்டுவோர் எச்சரிக்கையாக இருக்கும் கடமையை வருபவரிடம் தள்ளிவிடுகிறார்கள். சட்டமோ அந்தக் கடமையை வளர்ப்பவரிடம் வைத்திருக்கிறது.

சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய். நல்ல முடிவு. ஆனால், அபராதத்தின் வலிமை தொகையில் மட்டும் இல்லை. பிடிபடுவோம் என்ற அச்சத்தில் இருக்கிறது. ஆய்வாளர் வீட்டுக்கு வராத ஊரில் 5,000 ரூபாயும் 50 ரூபாயும் ஒன்றே. அபராதம் உள்ளாட்சியின் கருவூலத்துக்குப் போகிறது. கடிபட்டவருக்கு அதில் ஒரு ரூபாயும் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பஞ்சாப் - ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில், நாய்க்கடி வழக்குகளில் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் இழப்பீடு என்று ஓர் அளவுகோலை வகுத்தது. தமிழகத்திலும் இத்தகைய ஏற்பாடு தேவை. மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக இருப்பதுபோல, நாய் உரிமத்தோடு காப்பீட்டையும் இணைக்கலாம். கடிபட்டவர் நீதிமன்றப் படியேறாமல் இழந்த கூலியைப் பெற அதுவே எளிய வழி. கடிபட்டு வருவோரின் விவரத்தை, எந்தத் தெரு, வளர்ப்பு நாயா தெரு நாயா என்ற குறிப்புடன், அரசு மருத்துவமனைகள் அன்றே உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் எந்தத் தெருவில் முதலில் வேலை தொடங்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரியும்.

நாய் வளர்ப்பதையோ தெரு நாய்க்குச் சோறிடுவதையோ நான் குறை கூறவில்லை. அன்புக்கும் ஒரு செலவு உண்டு. அதை அன்பு செலுத்துபவரே ஏற்க வேண்டும் என்பதே என் வாதம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் நம் வட்டத்தில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை ஆயிற்று, எத்தனை வீடுகள் உரிமம் பெற்றன என்ற இரண்டு எண்களை மாமன்ற உறுப்பினரிடம் கேட்போம். அந்த அம்மையார் இன்றும் அதே கதவைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார். கதவுக்கு அப்பால் அதே நாய் இருக்கிறது. அதற்கு இன்னும் உரிமம் இல்லை.