கூடத்தில் கறுப்பும் பச்சையும்

அக்காவைப் பெண் பார்க்க வருமுன் கூடத்தைக் கறுப்பும் பச்சையுமாக மாற்றலாம் என்று நான் சொன்னதும், "வீட்டுக்குள் கறுப்பா?" என்று அப்பத்தா முகம் சுளித்தார்கள். கரிசல் மண்ணில் கருவேலம் நிற்கும் எங்கள் வீரசோழன் பக்கத்திற்கு இவ்விரு நிறங்களும் புதியனவா?

கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம் அல்லவா? ஆகவே வெயில் படும் சுவருக்கு அது ஆகாது. நிழலிலுள்ள தரைக்கு ஆகும்.

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் செய்யும் பூக்கற்களில் கறுப்பும் பச்சையும் உண்டு. அவை சூளையில் வேகாதவை. கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சின் கட்டங்களில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். இறுகியதும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டுக் காயவைப்பர். கண்ணாடி பட்ட முகம் தானே பளபளக்கும். நடக்க நடக்க மெருகு கூடும்.

தரை முழுதும் கறுப்பானால் புழுதி உடனே தெரியும் (எங்கள் ஊர்க் காற்றுக்குக் கேட்க வேண்டுமா!). நடுவில் பச்சையும் ஓரத்தில் கறுப்புக் கரையுமே நலம். சுவர் வெள்ளைச் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். இல்லையேல் சிறு சன்னல் உள்ள கூடம் இருண்டுவிடும்.

அப்பாவின் கணக்கில் கல்லுக்குப் பணமில்லை. சிமெண்டில் கறுப்புப் பொடி கலந்து கரை மட்டும் பூசினோம், திரைச்சீலை பச்சை. வந்தவர்கள் தரையைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அப்பத்தா மட்டும் இப்போது மதியத்தில் அந்தக் கறுப்புக் கரையோரமாகத்தான் படுக்கிறார்கள்.