நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" நல்ல டயட்டீஷியன் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரிக்கோ, மின்சார ரயிலில் கிண்டிக்கோ போய் வேலை பார்த்துத் திரும்புகிறவருக்கு ஒன்பதரைக்கு முன்னால் தட்டு போட வாய்ப்பில்லை. நடுவில் ஆறு மணிக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும். கிளாம்பாக்கத்திலிருந்து இரவுப் பேருந்து ஓட்டிப் போகிறவருக்கும், மறைமலை நகரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும் சாப்பாட்டு நேரமே வேறு. இதையெல்லாம் விசாரிக்காமல் "காலை 8 மணி: இரண்டு இட்லி" என்று அச்சடித்த டயட் சார்ட்டை நீட்டினால், அது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வாரம் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்.

முந்தின நாள் வாயில் போட்டது அத்தனையையும் நினைவிலிருந்து சொல்ல வைப்பது டயட்டீஷியன்களின் பழைய முறை. "கொஞ்சம் சாதம்" என்றால் விடமாட்டார்கள். எந்தக் கரண்டியில், எத்தனை கரண்டி என்பார்கள். "ராத்திரியில அரிசியே தொடறதில்லைங்க, தோசைதான்" என்று சொல்பவர்கள் நம்மில் ஏராளம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (இது முதலில் நம் குன்னூரில் இருந்தது, 1958-இல் ஐதராபாத் போனது) 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், அதுவும் சமைக்காத எடையில். இட்லி, சோறு, தோசை, சப்பாத்தி எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். காய்கறியோ 400 கிராம். நம் தட்டில் இது அப்படியே தலைகீழ். எண்ணெய், கொழுப்பு 27 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய் போலத்தான் வரும். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேட்டுச் சொல்வதால் பலன் உண்டா என்பதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சுகர் வரும் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லி, நேரிலும் போனிலும் விடாமல் விசாரிக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பதை, வாரம் ஒரு கிலோ குறையவில்லையே என்று எடை மெஷினோடு சண்டை போடுகிறவர்கள் கவனிக்கலாம். அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரில் ஒரு பாதிக்குச் செல்போனில் குறுஞ்செய்தியாக நினைவூட்டி வந்தார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு சுகர், மற்றவர்களில் 27. சொன்ன அறிவுரை ஒன்றேதான். ஒருவர் விடாமல் பின்தொடர்ந்ததுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

வண்டலூர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் சற்று வடக்கே, தாம்பரம் சானடோரியத்தில் கதை வேறு. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. அங்கே பிரச்சினை எடையை ஏற்றுவது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய காசநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு தரும் மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ஆனது. ஆனால் சுகரும் காசநோயும் சேர்ந்தே உள்ளவர் என்ன செய்வார்? ஒரு டாக்டர் "நல்லா சாப்பிடுங்க" என்பார், இன்னொருவர் "குறைங்க" என்பார். இரண்டையும் பொருத்திக் கொடுப்பதுதான் டயட்டீஷியன் வேலை: சோற்றை ஏற்றாமல் முட்டை, வேர்க்கடலை, பருப்பு, மீன் என்று கூட்டுவது.

சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நுணுக்கம். ஊரே நல்லது என்று சொல்லும் இளநீரும் கீரையும் அவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். காயை நறுக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள். நடைப்பயிற்சி முடித்ததும் சாலையோரம் கேழ்வரகுக் கூழ் குடிக்கும் சுகர்காரருக்கும் ஒரு வார்த்தை: மாவாக அரைத்துக் காய்ச்சினால் கேழ்வரகும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும்.

யாரிடம் போவது? இரண்டு டப்பா புரோட்டீன் பவுடரை மேஜையில் வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்கிறவரிடம் போகவேண்டாம். சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்வார்கள். பெரிய மருத்துவமனைகளில் இவர்கள் இருப்பார்கள். சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் நாமேதான் கேட்கவேண்டும்.

போகும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, வீட்டுச் சாதக் கரண்டியின் போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். உப்பையும் எண்ணெயையும் பற்றி அங்கே கேட்டதை நீங்கள் வந்து திருப்பிச் சொன்னால், வீட்டில் அது சமையலைக் குறை சொல்வதாகத்தான் காதில் விழும்.