மஞ்சூரியாவில் கிடைக்காத மஞ்சூரியன்

சுந்தரர் அவதரித்த திருநாவலூருக்கு வந்து பக்தஜனேசுவரரை வணங்கிவிட்டு, மாலையில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு மணத்தைத் தவறவிட முடியாது. பூண்டும் சோயா சாஸும் கொதிக்கும் எண்ணெயில் சேர்ந்து எழுப்பும் மணம் அது. தள்ளுவண்டிகளின் நெற்றியில் 'சைனீஸ் பாஸ்ட் புட்' என்று எழுதியிருக்கிறது. விலைப் பட்டியலில் முதலில் நிற்பது கோபி மஞ்சூரியன். 'கோபி' என்றால் கோபிசெட்டிபாளையம் என்று நினைத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். காலிஃபிளவருக்கு இந்தியில் அதுதான் பெயர் என்பது இன்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மஞ்சூரியா எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

சீனாவின் வடகிழக்கு மூலையில் உள்ள லியாவ்னிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் ஆகிய மூன்று மாகாணங்கள் அடங்கிய நிலப்பரப்பே மஞ்சூரியா. சீனர்கள் அதை 'தோங்பெய்' என்கிறார்கள்; 'கிழக்கு வடக்கு' என்று பொருள். ஹெய்லோங்ஜியாங்கின் தலைநகரான ஹார்பினில் ஜனவரி மாதம் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20, 25 டிகிரி வரை இறங்கும். 1890களிலிருந்து அடுத்த அரை நூற்றாண்டில் ஷான்தோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து ஏறத்தாழ 2.5 கோடிப் பேர் பிழைப்புத் தேடி அங்கே போனதாகப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் கூலி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர். அதே காலத்தில் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நம்மவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இத்தகைய மண்ணின் சமையல் எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் வசிக்கும் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள சைனாடவுனில் கூட்டம் அலைமோதும் தோங்பெய் உணவகம் ஒன்றுக்கு அவளுடைய ஹார்பின் தோழி எங்களை அழைத்துப் போனார். இடம் கிடைக்கவே முக்கால் மணி நேரமாயிற்று. நான் மரக்கறி உண்பவன் என்றதும் அவர் 'தி சான் சியன்' வரவழைத்தார். 'மண்ணின் புத்தம்புது மூன்று' என்று பொருள் சொன்னார்: உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியே எண்ணெயில் பொரித்து, பூண்டும் சோயா சாஸும் சேர்த்துப் புரட்டிய பண்டம். ஒரு தட்டு மூவருக்குப் போதும். வடகிழக்குக்காரர்கள் அளவு பார்த்துப் பரிமாற மாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பிறகு வேகவைத்த கொழுக்கட்டை வந்தது. கொழுக்கட்டை என்று நான் சொல்வது 'ஜியாவ்ஸி'யை. மேல்தோல் கோதுமை மாவு. உள்ளே 'சுவான் சாய்' என்னும் புளிக்கவைத்த முட்டைகோஸ். குளிர்காலத்தில் காய்கறி கிடைக்காத நாட்டில் இலையுதிர் காலத்திலேயே கோஸைப் பெரிய ஜாடிகளில் உப்பிட்டுப் புளிக்க வைத்துவிடுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரும் பச்சைப் பூண்டும். பச்சை மிளகாய் கண்ணில் படவில்லை. மஞ்சூரியன் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு என் கேள்வி விளங்கவே இல்லை.

நம்முடைய பண்டத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்கது அங்கே ஒன்று இருக்கிறது. 'குவோ பாவ் ரோ' என்பது மாவில் தோய்த்து இருமுறை பொரித்த பன்றி இறைச்சியை இனிப்பும் புளிப்பும் கலந்த சாறில் புரட்டுவது. ரஷ்யர்கள் ரயில் பாதை போட்டு வளர்த்த நகரமான ஹார்பினில், ஜெங் சிங்வென் என்ற சமையற்காரர் வெளிநாட்டு விருந்தாளிகளின் நாக்குக்கு ஏற்ப அதை இனிப்பாக்கினார் என்று வரலாறு சொல்கிறார்கள். ஆக, அசல் மஞ்சூரியப் பண்டமும் விருந்தாளிக்காக மாற்றப்பட்டதுதான்!

நம் மஞ்சூரியன் பிறந்தது மும்பையில். கொல்கத்தாவில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், வழக்கமில்லாத ஏதாவது வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்காக இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கினார். கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, பொரித்த கோழித் துண்டுகளைப் போட்டார். கோழியின் இடத்தில் காலிஃபிளவர் வந்தது மரக்கறிக்காரர்களுக்காக. கோயம்புத்தூரில் அதுவே முட்டைகோஸாகி, 'காளான்' என்ற பெயரும் பெற்றுவிட்டது. உள்ளே காளானைத் தேடத்தான் வேண்டும்.

கொல்கத்தாச் சீனர்களின் வரலாறு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோங் அச்சியூ என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்ததிலிருந்து தொடங்குகிறது. நாம் சர்க்கரையைச் 'சீனி' என்பதும், வாணலியைச் 'சீனச்சட்டி' என்பதும் அந்த உறவைவிடவும் பழைய உறவின் தடங்கள். கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் 1962 போர் மூண்டபோது, இந்நாட்டில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர்; சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தனர். முகத்தைப் பார்த்து நாட்டைத் தீர்மானித்ததன் விளைவு அது. அதன்பின் பல குடும்பங்கள் கனடாவுக்குப் போய்விட்டன. சமையல் இங்கே தங்கிவிட்டது.

அந்தச் சமையல் திருநாவலூர் வரை எப்படி வந்து சேர்ந்தது? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஆர்வமூட்டும் கேள்வி இதுவே. இட்லிக் கடை வைக்க மாவின் பக்குவம் தெரிய வேண்டும். புளிப்பு ஒரு நாள் பிசகினால் அன்றைய முதல் போயிற்று. பாஸ்ட் புட் வண்டிக்கு அந்தத் தேர்ச்சி தேவையில்லை, ஏனென்றால் தேர்ச்சி சாஸ் பாட்டிலுக்குள் அடைக்கப்பட்டு வருகிறது. சோயா, மிளகாய், தக்காளி என்று மூன்று பாட்டில், ஒரு பை கார்ன் பிளவர் மாவு, பெரிய அடுப்பு, ஒரு சட்டி. வடித்து ஆறவைத்த ஒரே சோறு ஐந்தாறு பெயர்களில் விற்பனையாகிறது. சில வாரங்கள் இன்னொரு வண்டியில் கூடமாட நின்றவர் தனியாகக் கடை போட்டுவிடலாம். விவசாயத்தை விட்டு வெளியேறும் இளைஞருக்கு இதைவிடக் குறைந்த முதலில் ஒரு தொழில் அமைவது அரிது. இந்தப் பாட்டில் வணிகத்தின் அளவை அறிய ஒரு செய்தி போதும்: 'சிங்ஸ் சீக்ரெட்' என்ற பெயரில் சாஸும் மசாலாவும் விற்கும் நிறுவனத்தை, சுமார் 5,100 கோடி ரூபாய் மதிப்பில் வாங்குவதாக டாடா குழுமம் 2024 ஜனவரியில் அறிவித்தது.

எளிதில் நுழையக்கூடிய தொழிலில் போட்டி கடுமையாகும். எல்லா வண்டியிலும் ஒரே பாட்டில், ஒரே சுவை என்றால் வாடிக்கையாளர் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பார்? நிறத்தைக் கொண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை, வாங்குகிறவருக்குத் தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று விளக்கிற்று. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்கள். நம் தெருவில் அது காலிஃபிளவர். நல்ல மிளகாய்த்தூளால் வரும் சிவப்பு மங்கலானது, விலையும் கூடுதல். ஒரு சிட்டிகை சாயப்பொடி கண்ணைப் பறிக்கும், செலவோ சில காசுகள். சாயம் போடாதவரின் பண்டம் 'பழசு' போலத் தோன்றி விற்காமல் நிற்கிறது.

கர்நாடக அரசு 2024இல் கோபி மஞ்சூரியன் மாதிரிகள் 171ஐச் சோதித்ததில் 107 பாதுகாப்பற்றவை என்று தெரியவந்து, அம்மார்ச் மாதம் அதில் செயற்கை நிறமூட்டிகளுக்குத் தடை விதித்தது. கோவாவின் மாப்புசா நகராட்சியோ கடைகளில் பண்டத்தையே தடை செய்தது. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. பஞ்சுமிட்டாயில் நம் அரசு கண்டறிந்த ரோடமின்-பி துணிச்சாயம். எந்த உணவிலும் அதற்கு அனுமதி இல்லை. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ போன்றவை சில இனிப்புகளிலும் பானங்களிலும் அளவோடு அனுமதிக்கப்பட்டவை. பொரித்த காய்கறியில் அவற்றுக்கு வேலையில்லை. குற்றம் சாயத்தில் இருக்கும்போது காலிஃபிளவரைத் தடை செய்வது, தள்ளுவண்டிக்காரரின் அடுப்பை அணைத்துவிட்டுச் சாயப்பொடி விற்கிறவரை விட்டுவிடுவதாகும். மளிகைக் கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும் அந்தப் பொடியைப் பிடிப்பதே குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். ஒரு வண்டி மட்டும் சாயத்தை விட்டால் அதற்கு நட்டம். தெருவே ஒரே நாளில் விட்டால் யாருக்கும் நட்டமில்லை.

நெடுஞ்சாலையில் பேருந்துகள் நிற்கும் பெரிய உணவகங்களில் இந்தச் சட்டியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர் இளைஞர்கள். அவர்களில் ஒருவர் மணிப்பூர்க்காரர். பெங்களூரில் தொழில் கற்று இங்கு வந்தவர். மாலை நடைப்பயிற்சியின்போது அவரோடு பேசுவதுண்டு. எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். புளிக்கவைத்த மூங்கில் குருத்து, 'ஙாரி' என்னும் புளித்த மீனோடு காய்களை மசித்துச் செய்யும் 'ஈரோம்பா' என்றார். எங்கள் வீட்டில் பழைய சோறு உண்டு என்றேன். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. மஞ்சூரியனை அவர் முதன்முதலில் தின்றது பெங்களூரில்தான்.

உணவகத்தில் அவரை எல்லோரும் அழைப்பது 'சைனா'. வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமல். 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர் ரயில் ரயிலாக ஊர் திரும்பினர். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தில்லியில் அடித்துக் கொல்லப்பட்டபின் மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, இத்தகைய இழிசொற்களைத் தண்டிக்கச் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வளவு தூரம் போகாமலே எங்கள் ஊர்ப் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்ற மாதம் நான் அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கும் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாகச் சம்பளம் கொடுத்தவர், 'அப்படியா சார்?' என்று கேட்டு, பேரேட்டில் 'சைனா' என்றிருந்த வரியைப் பார்த்தார்.