அயலார் மாடும் நமது வயலும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியை அண்டியுள்ள நெளுக்குளம், வன்னியின் வேறு பல ஊர்களைப் போலவே குளத்தாற் பெயர் பெற்றது. குளம் இருக்குமிடத்தில் வயல் இருக்கும். வயல் இருக்குமிடத்தில் மாடு இருக்கும். இம்மூன்றும் கூடுமிடத்தில் ஒரு வழக்கும் இருக்கும். மார்கழி மாதத்து விடியற்காலையில் பனி விலகுமுன் வயல் பார்க்கச் செல்லும் கமக்காரன், முதல் நாள் மாலை முழங்காலளவு நின்ற பயிர் நுனி கறிக்கப்பட்டும் சேற்றில் மிதிபட்டும் கிடக்கக் காண்கிறான். வரம்பில் குளம்படிகள்; வேலியில் ஓரிடத்தில் அலம்பல் சரிந்து வழி விட்டிருக்கிறது. மாடுகளோ வயிறு நிறைந்த அமைதியுடன் அப்பாலுள்ள பற்றைக்குள் அசைபோட்டு நிற்கின்றன. அவற்றின் உடையவர் யாரென்பதும் பெரும்பாலும் அவனுக்குத் தெரியும். அங்கேதான் சங்கடம் பிறக்கிறது. அந்நியனுடன் வழக்காடுவது எளிது. நாளை ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்ச வேண்டிய அயலவனுடன் வழக்காடுவது அவ்வளவு எளிதன்று.

அந்தக் கணத்தில் கைக்கு முதலில் வருவது தடி. சினம் மிகுந்தால் கத்தி. வாலறுந்த மாடும் காலில் வெட்டுண்ட மாடும் வன்னியில் காணக் கிடைக்காத காட்சிகளல்ல. பயிரிழந்தவன் பக்கம் நின்ற நியாயம், கத்தி வீசப்பட்ட அந்த நொடியிலேயே கட்சி மாறி மாட்டுக்காரன் பக்கம் போய்விடுகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிறர் கால்நடையைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் குற்றமாக வகுத்துள்ளது. விலங்கு வதைக்கெதிரான சட்டம் 1907 முதல் இருக்கிறது. வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவோர் செய்வது இதனினும் கொடிது. அக்கம்பி மாடு வரும் வரை காத்திராது. இரவில் நீர் பார்க்க வந்த மனிதனையும் அது பற்றிக்கொள்ளும்.

அப்படியாயின் பயிரிழந்தவன் செய்யத்தக்கது யாது? இக்கேள்வி மனிதன் பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு இருப்பது. பபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டங்களிலேயே, உடையவன் இசைவின்றி வயலில் ஆடு மேய்த்தவன் நிலத்தின் அளவுக்கேற்பத் தானியம் அளக்கவேண்டும் என்ற விதி காணப்படுகிறது. விவிலியத்தின் யாத்திராகமம், பிறன் வயலை மேயவிட்டவன் தன் வயலின் சிறந்த விளைச்சலிலிருந்தே ஈடு செய்யவேண்டும் என்கிறது. உரோமரின் பன்னிரண்டு பலகைச் சட்டம் ஒரு நுட்பமான வேற்றுமையைக் கண்டது. தானே இறங்கிய விலங்கின் சேதத்துக்கு நட்டஈடு. இரவில் திருட்டுத்தனமாகப் பிறன் விளைபயிரை மேய்த்தவனுக்கோ மரண தண்டனை. தண்டனையின் கொடுமையை நாம் ஏற்கவேண்டியதில்லை. வேற்றுமையை மறக்கவும் வேண்டியதில்லை. வேலி பிரித்து இறங்கிய மாடு வேறு, வேலியைப் பிரித்து இறக்கிவிடப்பட்ட மாடு வேறு என்பதை நெளுக்குளத்துக் கமக்காரனும் நன்கறிவான். அலம்பல் உட்புறம் சாய்ந்திருக்கிறதா, கட்டு அவிழ்க்கப்பட்டிருக்கிறதா என்றுதான் அவன் முதலில் பார்ப்பான்.

இவ்வழக்குகளுள் மிக அழகியது தாவூது நபி, சுலைமான் நபி ஆகியோர் முன் வந்தது. பிறருடைய ஆடுகள் இரவில் ஒரு வயலில் மேய்ந்த செய்தியைத் திருக்குர்ஆன் சுட்டுகிறது. விரிவுரையாளர் கூறும் வரலாறு இது: ஆடுகளையே வயற்காரனுக்குக் கொடுத்துவிடுமாறு தந்தை தீர்ப்பளித்தார். மைந்தர் வேறொரு வழி சொன்னார். ஆடுகள் சிலகாலம் வயற்காரனிடம் இருக்கட்டும். அவற்றின் பாலும் மயிரும் அவனுக்கு. வயல் ஆட்டுக்காரனிடம் இருக்கட்டும். அவன் அதனைப் பயிரிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதன் பின்னர் அவரவர் உடைமை அவரவர்க்கு. வயலின் அருமையை மாட்டுக்காரனும், மந்தை காக்கும் வருத்தத்தை வயற்காரனும் அறிந்துகொள்ளச் செய்யும் இத்தீர்ப்புக்கு நிகரானதை இக்காலச் சட்டப் புத்தகங்களில் தேடிக் காண்பது அரிது.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், மேய்ச்சற் சேதத்துக்கு நட்டஈடு கோரும் அப்பழைய உரோம உரிமையை ஒல்லாந்தர் வழியாக நமக்குக் கொண்டுவந்தது. அதற்கு மேலாக, 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம், நிலத்தில் புகுந்த விலங்கைப் பிடித்துக் கட்டவும், சேதத்தை மதிப்பிடுவித்து ஈடு பெறவும் வழிவகுத்தது. இந்தியாவில் இதற்கு ஐந்தாண்டு முன்னர், 1871இல், இத்தகைய சட்டம் பிறந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் மாடு அடைக்கும் பவுண்டு அதன் வழி வந்ததே. இங்கிலாந்தில் இன்று தொல்லை மாட்டினால் மட்டுமன்று, குதிரையினாலும் உண்டு. பிறர் புல்வெளியில் இரவோடிரவாகக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் செல்வோர் பெருகியமையால் 2015இல் அங்கே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நிலத்துக்குரியவர் குதிரையைப் பிடித்துவைத்து 24 மணி நேரத்துக்குள் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். 96 மணி நேரத்துள் எவரும் உரிமை கோராவிடில் அதனை அவர் விற்கவும் செய்யலாம்.

நம் நாட்டிலும் குதிரை கட்டின்றித் திரியும் இடம் ஒன்றுண்டு. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் நெடுந்தீவில் இன்றும் மந்தையாக உலாவுகின்றன. அத்தீவில் வளவுகளைச் சுற்றி முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களைக் காணலாம். வன்னியில் அத்தகைய கல் இல்லை. இங்கே கதியாலும் முட்கம்பியும் அலம்பலுமே காவல். அலம்பலோ ஒரு மாரிக்கு மேல் தாங்காது.

பிடித்துக் கட்டியவனுக்கும் கடமைகள் உண்டு. கட்டிய மாட்டுக்கு நீரும் தீனியும் வைக்கவேண்டும், நிழலில் நிறுத்தவேண்டும், கன்று தனித்து நின்றால் தாயோடு சேர்க்கவேண்டும். தாமதியாது கிராம அலுவலருக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிக்கவேண்டும். மறைத்து வைத்த மாடு, பிடித்தவனையே கள்வனாக்கிவிடும். அதற்கும் முன்னர், உடையவன் தெரிந்தவனாயின் ஆளனுப்பிச் சொல்வதே முறை. ‘அண்ணை, இரவு உங்கட பட்டி எங்கட வயலுக்குள்ளை இறங்கிட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ’ என்ற ஒரு சொல், பல வேளைகளில் வழக்கின் பாதியைத் தீர்த்துவிடுகிறது. வந்து பார்ப்பவன் சேதத்தைக் கண்ணாற் காண்கிறான். பின்னர் அதனை மறுப்பது அவனுக்கு நாணம்.

சேதத்தை அன்றே மதிப்பிடுதல் வேண்டும். மழை பெய்தால் குளம்படி அழியும். பயிரின் பருவமும் கணக்கில் வரவேண்டும். கதிர் உருவாகுமுன் நுனி மேயப்பட்ட நெல், நீரும் உரமும் கிடைத்தால் மீண்டும் தளிர்க்கும். நாட் பிந்தும், விளைச்சல் குறையும், ஆயினும் முற்றாக அழியாது. குடலைப் பருவத்துக்குப் பின் மேயப்பட்டது திரும்பி வராது. மேய்ந்ததைவிட மிதித்ததே பெருஞ்சேதமாவதும் உண்டு. எருமை புரண்ட பாத்தியில் பயிர் சேற்றுக்குள் புதைந்து போகிறது. உடைந்த வரம்பினால் நீர் வடிந்து, மாடு கால் வைக்காத பாத்தியும் காய்கிறது. மதிப்பிடுவோர் பலர் வரம்பை மறந்துவிடுகின்றனர். மாட்டின் குறியையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. கைத்தொலைபேசியாற் படம் எடுப்பது இப்போது எளிது. குறிசுடுதலை 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் ஒழுங்கு செய்கிறது. குறியில்லாத மாட்டின் வழக்கு பெரும்பாலும் காற்றோடு போகும். இணங்காதவிடத்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது.

ஆயினும் மாட்டுக்காரன் பக்கத்தையும் கேட்கவேண்டும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் மாடுகளை அவிழ்த்துவிட்டே சென்றனர். 2009இல் போர் முடிந்து திரும்பியபோது பட்டிகள் சிதறியிருந்தன; பழைய மேய்ச்சற் தரவைகளிற் சில காடாகியிருந்தன, சில வேறு கைகளில் இருந்தன. மேய்ச்சல் நிலம் ஒதுக்கித் தருமாறு வன்னிப் பண்ணையாளர் தொடர்ந்து கேட்டுவருகின்றனர். மாரியில் வயலெல்லாம் பயிராகிவிட்டால் நூறு மாடு வைத்திருப்பவன் எங்கே போவான்? கட்டாக்காலி என்று மாட்டைப் பழிப்பது எளிது. கட்டிவைத்தால் அதற்குத் தீனி எங்கிருந்து வரும் என்பதைப் பழிப்பவர் சொல்வதில்லை.

இதனை முன்னோர் காலக் கணக்கால் தீர்த்தனர். விதைப்புக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளோடு, மாடுகளை வயற்புறத்தினின்று அகற்றும் நாளும் வேலி அடைக்கும் நாளும் குறிக்கப்படும். இன்றும் கமநல உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பினரும் கூடி இந்நாட்களைக் குறிக்கின்றனர். நீர் திறக்கும் நாள் தவறினால் ஊரே எழுந்து கேட்கும். வேலி அடைக்கும் நாள் தவறினால் எவரும் கேட்பதில்லை. பொதுவேலியில் தன் பங்கை அடையாது விட்டவன் வழியாகவே மாடு நுழைகிறது. இழப்போ அவனுக்கு அப்பால் உள்ளவனுக்கு. பயிரழித்த மாட்டின் உடையவனிடம் ஈடு கேட்குமுன், அந்தப் பொட்டு யாருடைய பங்கில் விழுந்தது என்று கேட்பதும் நியாயமே. நீர் பாய்ச்சுவதினும் காவலை மேலாக வைத்தார் வள்ளுவர். அவர் காலத்திலும் இதே மாடுகள் இருந்திருக்க வேண்டும்.

மாசியில் அறுவடை முடிந்து சூடடித்த பின்னர் கண்டாயம் திறக்கப்படும். மார்கழியில் விரட்டப்பட்ட அதே பட்டியை அரிதாள் மேய வருமாறு அதே கமக்காரன் அழைப்பான். சிலர் எருவுக்காக இரவிலும் வயலிலேயே பட்டி அடைக்கச் சொல்வர். பழைய சேதத்துக்கு ஈடாக நெல்லைப் புசலால் அளந்து கொடுப்பதாக இருவரும் இணங்கியிருந்தால், அதனை அளப்பதற்கும் அதுவே காலம்.