செப்பாங் போகிறீர்களா? காதடைப்பான் எங்கே?

மாணவர்களே, மோட்டோ ஜிபி பார்க்கச் செப்பாங் செல்லும் நம் பாகான் டாலாம் ரசிகர்கள் முதல் நாள் இரவே நெடுஞ்சாலை ஏறிவிடுவார்கள். தொப்பி, கொடி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் இருக்கும். காதடைப்பான் மட்டும் இருக்காது.

1999இல் திறக்கப்பட்ட செப்பாங் ஓடுபாதையின் நீளம் 5.543 கிலோமீட்டர். அதன் முதன்மைப் பார்வையாளர் மேடை இரண்டு நேர்ப்பாதைகளுக்கு நடுவே உள்ளது. பார்ப்பதற்கு அருமையான இடம்தான். ஆனால் முன்னாலும் இரைச்சல், பின்னாலும் இரைச்சல்.

ஒலியின் அளவை டெசிபலில் கூறுகிறோம். 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஆகவே 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 88 டெசிபலை 4 மணி நேரம்தான் கேட்கலாம். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே மிஞ்சும்! பந்தய மோட்டார்சைக்கிள் அருகில் சீறிச் செல்லும்போது ஒலி 100ஐத் தாண்டிவிடும். ஞாயிறு பந்தயமோ ஏறக்குறைய 40 நிமிடம். வெள்ளி, சனி ஓட்டங்கள் தனி.

நத்தைக்கூடு போல் சுருண்ட உட்செவியில், நுண்மயிர் கொண்ட உயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. மனிதருக்கு இவை இறந்தால் மீண்டும் வளர்வதில்லை. பந்தயம் முடிந்தபின் காதில் ‘ஙொய்’ என்று கேட்டால், அவை அடிபட்டிருக்கின்றன என்று பொருள். மறுநாள் அந்த ஒலி நின்றுவிட்டாலும் சேதமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டிஷ்யூ தாளைத் திணிப்பது போதாது. மருந்தகத்தில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டுங்கள். மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். இயந்திர ஒலி அப்போதும் நன்றாகவே கேட்கும், கவலை வேண்டாம். தம்பி தங்கையும் வந்தால், அவர்கள் காதுக்கு அளவான காதுமூடி எடுத்துச் செல்லுங்கள்.