கேக்குக்குக் கிலோ விலை நியாயமா?

(மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ மெக்கானிக்கல்)



பிறந்த நாள், கல்யாண நாள், கிறிஸ்துமஸ், புது வருஷம் என்று எது வந்தாலும் இன்று கேக் வெட்டுகிறோம். நம் ஹாஸ்டலிலேயே மாதத்துக்கு நாலு கேக் ஆகிறது; அதில் பாதி முகத்தில்தான் போகிறது! அது போகட்டும். கேக் வாங்கப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "கிலோ என்ன விலை?" இந்தக் கேள்வி சரிதானா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கேக்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு வேலை இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்து விட்டால் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். உப்பு வாருவது நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அக்கா செய்யும் கேக்கினால். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஒரு பேக்கரியில் பாக்கிங் வேலைக்குப் போய், மாஸ்டர் கையைப் பார்த்துப் பார்த்தே க்ரீமில் பூப்போடக் கற்றுக்கொண்டவள். என் செமஸ்டர் பீஸ் அந்தப் பூவிலிருந்து வந்த பணம்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்த படிப்பைக் கொண்டு வீட்டுக்கு நான் செய்த முதல் காரியம், அக்காவின் கேக்குக்கு விலை போட்டுக் கொடுத்தது.

கிலோ விலை எங்கே பொருந்தும்?

எங்கள் ஊர் மக்ரூனை எடுத்துக் கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி. ஒரு மக்ரூனைப் போலத்தான் அடுத்த மக்ரூன். பொருள் கூடினால் எடை கூடும், வேலையும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். ஆகவே அதைத் தராசில் வைத்து விற்பதில் தப்பில்லை.

அலங்காரக் கேக் அப்படியா? விப்பிங் க்ரீமை அடித்தால் காற்று ஏறி இரண்டு மடங்குக்கு மேல் பொங்கும். எடை ஒரு கிராம்கூடக் கூடாது. ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து சுற்றிலும் ரோஜாப்பூ பிழிந்தாலும் தராசு முள் கொஞ்சம்தான் நகரும். ஆனால் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவைத் தடியாகத் தேய்த்து மேலே போர்த்தினால் எடை கிடுகிடுவென ஏறிவிடும். அதாவது தராசு காட்டுவது பொருளை மட்டுமே. செலவான நேரத்தை எந்தத் தராசும் காட்டாது!

நம் பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது?

காஸ்டிங் பாடத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். நேரடிப் பொருள், நேரடிக் கூலி, நேரடிச் செலவு மூன்றும் சேர்ந்தால் பிரைம் காஸ்ட். அதோடு ஓவர்ஹெட்டைக் கூட்டினால் மொத்த அடக்கம். அடக்கத்தோடு லாபத்தைக் கூட்டினால் விற்பனை விலை. லேத்தில் கடையும் ஷாஃப்டுக்குப் போடுகிற அதே கணக்கைக் கேக்குக்குப் போட்டால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கடிகாரமுமாக அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு கிலோ சாக்லேட் கேக், மேலே க்ரீம் பூ, பெயர் எழுத்து. அக்கா வாங்கிய விலைப்படி பொருள் கணக்கு இது:

மைதா 150 கிராம் – ரூ. 7.50
கோகோ தூள் 30 கிராம் – ரூ. 24
சர்க்கரை 200 கிராம் – ரூ. 9
முட்டை 3 – ரூ. 21
எண்ணெய் 100 மில்லி – ரூ. 15
பால் 100 மில்லி – ரூ. 6.50
பேக்கிங் பவுடர், சோடா, வெனிலா – ரூ. 8
விப்பிங் க்ரீம் 350 கிராம் – ரூ. 84
டார்க் சாக்லேட் காம்பவுண்டு 100 கிராம் – ரூ. 40
கலர், மேலே தூவும் சில்லறைச் சாமான் – ரூ. 15
ஆக மொத்தம் – ரூ. 230

பக்கத்துப் பேக்கரியில் கிலோ 500 ரூபாய். அக்காவும் அதே 500 தான் வாங்கி வந்தாள். "பொருளு 230, மிச்சம் 270 லாபந்தானல" என்றாள். பார்வைக்குச் சரிதான். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

அடியில் வைக்கும் அட்டை, பெட்டி, மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் கத்தி: 50 ரூபாய். பொருளில் 5 சதவீதம் சேதாரம் (ஓட்டில் ஒட்டிய முட்டையும் பையில் தங்கிய க்ரீமும் யார் கணக்கு?): 12 ரூபாய். ஓவன், பீட்டர், பிரிட்ஜ் மூன்றுக்கும் கரண்ட்: 20 ரூபாய். அடுத்து தேய்மானம். ஓவன் 9,000, பீட்டர் 2,500, சுழல் மேடை, டின், நாசில் வகையறா 3,500, ஆக 15,000 ரூபாய். ஐந்து வருஷம் உழைக்கும், மாதத்துக்குப் பத்துக் கேக் என்று வைத்தால் 600 கேக். ஒரு கேக்குக்கு 25 ரூபாய். இத்தனையும் சேர்த்தால் 337 ரூபாய். கூலி இன்னும் போடவே இல்லை!

கடிகாரம் சொன்னது

நேரத்தையும் எழுதினேன். சாமான் வாங்கப் போய் வர 30 நிமிடம். வாங்குகிறவரிடம் போனில் டிசைன் பேச 15. அளந்து, சலித்து, கலக்க 30. வெந்த கேக்கை அடுக்கடுக்காக அறுத்து, சர்க்கரைத் தண்ணீர் தெளித்து, க்ரீம் வைக்க 40. மேல் பூச்சு 25. பூ 60. பெயர் எழுத 10. பாத்திரம் கழுவ 30. ஓவனில் வேகும் நேரத்தை விட்டுவிட்டேன். அப்போது அக்கா வேறு வேலை பார்க்கிறாள். மொத்தம் 240 நிமிடம். சரியாக நாலு மணி நேரம்.

500 ரூபாயில் 337 போனால் மிச்சம் 163. நாலு மணி நேரத்துக்கு 163 என்றால் மணிக்கு 41 ரூபாய்கூட முழுசாக இல்லை. எங்கள் பக்கம் கட்டிட வேலைக்குப் போகிற சித்தாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் கொடுக்கிறார்கள், மணிக்கு 75. தொழில் தெரிந்த கை, ராத்திரி ஒரு மணி வரை முழித்த கண், அதற்குச் சித்தாள் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் கூட!

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்று பழமொழி. அதனாலேயே கணக்குப் பார்க்காமல் இருந்துவிட முடியுமா? பார்த்தால்தானே எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்!

"ஏல, என் கைக்கும் கூலி போடுவியா?" என்று அக்கா சிரித்தாள். போட்டேன். தொழில் தெரிந்த கைக்கு மணிக்கு 100 ரூபாய் அதிகமில்லை. நாலு மணிக்கு 400. 337-உம் 400-உம் சேர்ந்து அடக்கம் 737. லாபம் 10 சதவீதம் வைத்தால் 810 ரூபாய்.

கூலியும் எடுத்துக்கொண்டு லாபம் வேறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலி, செய்த வேலைக்கு. லாபம், நாளைக்கு வரப்போகிற செலவுக்கு. ஒரு கேக் உடைந்தால், பீட்டர் மோட்டார் புகைந்தால், புதுப் பூ ஒன்றைப் பழகிப் பார்க்க வேண்டுமானால் பணம் எங்கிருந்து வரும்? இன்னொன்றும் கவனியுங்கள். 737-உடன் 10 சதவீதம் கூட்டி 810 ஆக்கிவிட்டு, "சரி, 10 சதவீதம் தள்ளுபடி" என்று வாய் தவறிச் சொன்னால் விலை 729. அடக்கத்துக்கும் கீழே! கூட்டியது அடக்கத்தின் மேல், கழித்தது விலையின் மேல். பேரம் பேசுகிறவர்களுக்கு முன்னால் இது ஞாபகம் இருக்க வேண்டும்.

பாதி எடை, பாதி விலையா?

"அரைக் கிலோ போதும், அப்ப 405 தான?" என்பார்கள். இங்கேதான் நம் கணிதம் கை கொடுக்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு கேக்கில் சின்னதன் கன அளவு பாதி என்றால் அதன் மேற்பரப்பு பாதி ஆகாது. சுமார் 63 சதவீதம் இருக்கும். பூச்சும் பூவும் மேற்பரப்பில்தானே! பெயரிலும் எழுத்து குறையாது. கடைக்குப் போகிற தூரமும் குறையாது. அக்காவின் அரைக் கிலோ கேக்குக்குப் பொருள், பெட்டி, கரண்ட், தேய்மானம் எல்லாம் 207 ரூபாய். நேரம் 195 நிமிடம், கூலி 325. அடக்கம் 532, லாபத்தோடு 585. 405-க்குக் கொடுத்தால் கூலியில் 127 ரூபாயை அக்காவே கையிலிருந்து போட்டதாக அர்த்தம்.

வாங்குகிறவருக்கும் நியாயம் வேண்டுமே!

நியாய விலை என்றால் விற்கிறவருக்கு மட்டும் நியாயம் இல்லை. பேக்கரி எப்படி 500-க்குக் கொடுக்கிறது? மைதாவை மூட்டையாக வாங்குகிறார்கள். பெரிய ஓவனில் ஒரே சூட்டில் பல டின் வேகிறது. கழுவுவதும் கலக்குவதும் பல கேக்குக்குப் பங்காகிறது. அவர்களோடு கிலோ விலையில் மோதினால் வீட்டுக் கேக் தோற்கத்தான் செய்யும்.

ஆனால் நாமும் குறைக்க வழி உண்டு. ஒரே நாளில் இரண்டு ஆர்டர் எடுத்தால் கடைக்குப் போவது, கலக்குவது, கழுவுவது எல்லாம் பங்காகி, கேக் ஒன்றுக்கு 35 நிமிடம் மிச்சம். கூலியில் 58 ரூபாய் குறையும். பூவுக்குப் பதில் சுற்றிலும் பார்டர் மட்டும் போதும் என்றால் 60 நிமிட வேலை 15 நிமிடத்தில் முடியும்; விலை 730-க்கு வந்துவிடும். ஆகவே "விலையைக் குறைங்க" என்றால் பதில் இதுதான்: டிசைனைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்க முடியாது.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. "என்ன பிள்ள, வீட்ல இருந்துதான செய்யுத, எனக்குமா இம்புட்டு?" என்று சித்தியே கேட்கும்போது என்ன செய்வது? சீட்டில் 810 என்று எழுதி, கீழே 'நம்ம வீட்டுக்கு 60 கழிவு' என்று எழுதச் சொன்னேன். கொடுப்பது எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். தெரியாமல் கொடுத்தால் அதற்கு மரியாதை இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். கேக் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்தது, 22.9.2025 முதல் 5 சதவீதம் ஆனது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரி அந்த வரியைத் தன் சீட்டில் போட்டு வசூலிக்கக் கூடாது.

விலையை ஏற்றியதும் என்ன ஆயிற்று?

மறைக்காமல் சொல்கிறேன். முதல் மாதமே பத்து ஆர்டர் ஆறாகக் குறைந்தது. இரண்டு பேர் முகத்துக்கு நேரே "பேக்கரியிலேயே வாங்கிக்கிடுதோம்" என்றார்கள். அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. மாதக் கடைசியில் நோட்டை விரித்தோம். முன்பு பத்துக் கேக்குக்கு, தலா 163 வீதம், 40 மணி நேர உழைப்பில் அக்கா கையில் நின்றது 1,630 ரூபாய். இப்போது ஆறு கேக். ஆர்டர் குறைந்ததால் தேய்மானப் பங்கு 42 ரூபாயாக ஏறி, கூலி இல்லாத செலவு 354 ஆகிவிட்டது. அப்படியும் ஒரு கேக்குக்கு 456 நின்றது. ஆறுக்கு 2,736 ரூபாய், 24 மணி நேரத்தில்! 16 மணி நேரத் தூக்கம் மிச்சம், 1,106 ரூபாய் கூடுதல். அம்மா இரண்டு தடவை கூட்டிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு தடவையும் அதே விடைதான்.

எல்லா ஊரிலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் மூன்றாகக் குறைந்திருந்தால் கணக்கு வேறு. ஆனால் கணக்கு இருந்தால்தான் எதுவரை இறங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஜாக்கெட் தைக்கிற அம்மா, பூக்கட்டுகிற பாட்டி, பீடி சுற்றுகிற அத்தை, முறுக்குச் சுடுகிற அக்கா யாராவது இருப்பார்கள். நம் பீஸில் ஒரு பங்கு அவர்கள் விரலிலிருந்து வந்திருக்கும். காஸ்டிங் பாடத்தைப் பரீட்சையில் எழுதியதும் மறந்துவிடாதீர்கள். லீவுக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, பொருளுக்கு ஒரு பத்தியும் நேரத்துக்கு ஒரு பத்தியும் போடுங்கள். நேரத்துக்கான பத்தியில்தான் அவர்கள் இதுவரை ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்கள்.