நீர்க் கட்டுப்பாட்டுக்கு இடையே ஆண்டு முழுவதும் வண்ணம்: பெங்களூருவில் பல்லாண்டு மலர்ப்பாத்தி அமைப்பது எப்படி?

பெங்களூரு: குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக் தாவரவியல் பூங்காவில் நடைபெறும் மலர்க் கண்காட்சிகளைக் கண்டு திரும்புவோரில் பலர், கையில் சில பூந்தொட்டிகளுடன்தான் வீடு சேர்கின்றனர். பெட்டூனியா போன்ற ஒருபருவச் செடிகள் ஜனவரியில் கண்ணைக் கவர்ந்தாலும், ஏப்ரல் வெயிலில் கருகிவிடுகின்றன. அடுத்த பருவத்தில் மீண்டும் நாற்று வாங்கி, நட்டு, நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டியுள்ளது.

அந்த நீருக்குத்தான் 2024, 2025 ஆண்டுகளில் கட்டுப்பாடு வந்தது. 2024 மார்ச் மாதத்தில் நிலவிய கடும் தட்டுப்பாட்டின்போது, தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் என்றும் அறிவித்தது. 2025 பிப்ரவரியிலும் இதேபோன்ற தடை பிறப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரை நம்பியுள்ள நகரில், வீட்டுத் தோட்டத்தின் திட்டமிடலே மாற வேண்டியுள்ளது. அதற்கான வழிகளுள் ஒன்று, பல்லாண்டுச் செடிகளைக் கொண்ட மலர்ப்பாத்தி.

பல்லாண்டுச் செடி என்றால் என்ன?

விதைத்து, பூத்து, ஒரே பருவத்தில் மடியும் செடிகள் ஒருபருவச் செடிகள். வேரோ கிழங்கோ தண்டோ நிலைத்து நின்று, ஆண்டுதோறும் பூப்பவை பல்லாண்டுச் செடிகள். முதல் ஆண்டில் இவற்றுக்கும் தவறாமல் நீர் தேவை. வேர் ஆழமாக இறங்கிய பின்னர், பெரும்பாலானவை சில நாட்கள் நீரின்றியும் தாக்குப்பிடிக்கும்.

எனினும், இங்கிலாந்துத் தோட்ட நூல்களில் காணப்படும் டெல்பினியம், லூபின், பியோனி போன்றவற்றை இங்கு நடுவதில் பயனில்லை. அவற்றுக்கு நீண்ட கடுங்குளிர் தேவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருந்தபோதிலும், பெங்களூருவின் டிசம்பர், ஜனவரி இரவுகள் சராசரியாக 15 அல்லது 16 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உள்ளன.

கிரும்பீகல் காட்டிய வழி

மலர்ப்பாத்தியின் முதன்மையான கேள்வி 'எந்தச் செடி அழகு?' என்பதன்று, 'எந்த மாதத்தில் எது பூக்கும்?' என்பதே. இக்கேள்விக்கு நகர அளவில் விடை கண்டவர், ஜெர்மனியில் பிறந்து, லண்டனின் கியூ தோட்டத்தில் பணியாற்றி, பின்னர் மைசூரு சமஸ்தானத்தின் தோட்டங்களுக்குப் பொறுப்பேற்ற குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்கும் வகையில் சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் பின்பற்றினார். இளஞ்சிவப்பு டபேபுயா, நீல ஜகரண்டா, செந்நிறக் குல்மோகர் என இன்றும் பெங்களூரு அடுத்தடுத்து நிறம் மாறுவது அந்த மரபின் தொடர்ச்சியே. அதே முறையை 12 அடி நீளப் பாத்தியிலும் கையாள முடியும்.

வெயிலை அளப்பது எப்படி?

நாள் ஒன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடமே ஏற்றது. ஆனால், ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகும். பெங்களூருவில் ஏப்ரல் 24-ஆம் தேதியையும் ஆகஸ்ட் 18-ஆம் தேதியையும் ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் வடபுறமாகவும், மற்ற மாதங்களில் தென்புறமாகவும் இருக்கும். டிசம்பர் பிற்பகுதியில், 20 அடி உயர வீட்டின் வடபுறத்தில் நண்பகலிலேயே சுமார் 15 அடி வரை நிழல் விழும். எனவே மே மாதத்தில் வெயில் காயும் வடபுறப் பாத்தி, குளிர்காலத்தில் முழு நிழலாகிவிடலாம். தெற்கு நோக்கிய திறந்த இடமே பாதுகாப்பான தேர்வு.

வண்ணமும் நீரும் ஒரே திட்டத்தில்

இங்கிலாந்தைச் சேர்ந்த தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீகில் (1843-1932), தம் தோட்டத்தின் நீண்ட மலர்ப்பாத்தியில் இரு முனைகளிலும் நீலம், வெண்மை போன்ற தண்ணிய நிறங்களையும், நடுவே சிவப்பு, செம்மஞ்சள் போன்ற வெப்ப நிறங்களையும் அமைத்தார். இங்கு அம்முறைக்குக் கூடுதல் பயனும் உண்டு. செம்பருத்தி, கல்வாழை போன்ற வெப்ப நிறச் செடிகளே அதிக நீர் கேட்பவை. அவை நடுவில் ஒன்றாக இருந்தால், கோடையில் நீரை அங்கு மட்டும் கூடுதலாகச் செலுத்தினால் போதும்.

12 அடி நீளம், 5 அடி அகலம் கொண்ட பாத்திக்கான மாதிரி:

* பின்வரிசை (3 அடி இடைவெளி): நடுவில் சிவப்புச் செம்பருத்தி 2, இரு முனைகளிலும் நீல பிளம்பாகோ ஒவ்வொன்று.

* நடுவரிசை (ஒன்றரை அடி இடைவெளி): நடுவில் செம்மஞ்சள் கல்வாழை 3, அதன் ஒரு பக்கம் ஊதா நிற டிசம்பர் பூ 3, மறுபக்கம் மஞ்சள் டே லில்லி 5. இடம் போதும்படி இவற்றை முன்பின்னாக நட வேண்டும்.

* முன்வரிசை: வெள்ளை நித்தியகல்யாணி 7 (ஓரடி இடைவெளி), எஞ்சிய 5 அடியில் மழை லில்லிக் கிழங்குகள் 30, இரு வரிசைகளாக.

மழைக்குப் பின் மழை லில்லியும், மழைக்காலம் நெடுகக் கல்வாழையும், நவம்பர் முதல் டிசம்பர் பூவும் முறைவைத்துப் பூக்கும். செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் ஆண்டின் பெரும்பகுதி பூத்து இடைவெளிகளை நிரப்பும். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு செடி என்று கலந்து நட்டால் வண்ணம் சிதறிவிடும். கூட்டமாக நட்டால்தான் தொலைவிலிருந்தும் தெரியும்.

உண்ணிச்செடி வறட்சியைத் தாங்கும் என்றாலும் தவிர்ப்பது நல்லது. அலங்காரச் செடியாக வந்த அது, இன்று பந்திப்பூர் உள்ளிட்ட காடுகளை ஆக்கிரமித்துள்ளது. அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அதுவும் வேண்டாம்.

எப்போது, எப்படி நடுவது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதமே நடவுக்கு உகந்தது. செப்டம்பர், அக்டோபரில் பெய்யும் மழையும் கிடைப்பதால், டிசம்பரில் வறட்சி தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். பெங்களூருவின் செம்மண்ணில் நீர் விரைவில் வடிந்துவிடும். மக்கும் சத்தும் குறைவு. எனவே ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரத்தைக் கலக்க வேண்டும். நட்டபின் காய்ந்த இலைச் சருகை 2 அங்குலத் தடிமனுக்குப் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

நீர்க் கணக்கு

இந்த 60 சதுர அடிப் பாத்தியை ஒருமுறை 25 மி.மீ. அளவுக்கு நனைக்கச் சுமார் 140 லிட்டர் தேவை. அதே 25 மி.மீ. மழை 1,000 சதுர அடி மொட்டை மாடியில் பெய்தால், கணக்குப்படி சுமார் 2,300 லிட்டர் விழுகிறது. அதில் பாதியைத் தொட்டியில் சேமித்தாலும் 8 முறை நனைக்கலாம். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பதே வேரைக் கீழே இழுக்கும். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரில் உப்பு மிகுதி என்பதால், அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றக் கூடாது.

பூத்து முடிந்த கல்வாழைத் தண்டுகளை அடியோடு வெட்டினால் புதுத் தண்டு எழும். பிளம்பாகோ புதுக் கிளைகளில் பூப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். கல்வாழையையும் டே லில்லியையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில் தோண்டிப் பிரித்து நட வேண்டும். அவ்வாறு பிரிக்கும்போது கிடைக்கும் மிகுதிக் கிழங்குகளே அடுத்த பாத்திக்கான நடவுப் பொருளாகும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.